ஆலய டி-சட்டையில் எழுத்து ஒட்டிய கதை

தைப்பூச டி-சட்டைக்கு என்ன துணி எடுக்கலாம்னு நாம பேசிட்டு இருக்கோம். சூட்டில் அச்சு ஒட்டும் முறையின் வரலாற்றைப் பார்த்தாலே பதில் கிடைக்கும்.

1870-களில் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் பிரிக்ஸ் நிறுவனம் பூத்தையல் கோலங்களைத் தாளில் அச்சிட்டு விற்றது. தாளைத் துணிமேல் கவிழ்த்து, சூடான இஸ்திரிப்பெட்டியால் தேய்த்தால் கோடு துணியில் இறங்கிடும்.

1957-இல் பிரான்சில் நோயல் தெ பிளாஸ் என்பவர் ஒன்றைக் கவனித்தார். சில சாயங்கள் சுமார் 200 பாகை சூட்டில், உருகாமலே ஆவியாகித் துணி இழைக்குள் போகுது. ஆனா பாலியஸ்டர்லதான் அது நிற்கும். பருத்தியில துவைச்சா போயிடும்.

1970-களில் அமெரிக்காவில் பிளாஸ்டிசால் மைப்படங்கள் பரவின. இந்த மை பருத்தி மேலேயும் பிடிக்கும்.

இப்ப டிடிஎஃப் முறையில், பிலிம்ல அச்சடிச்சு, பசைத்தூள் தூவி அழுத்துறாங்க. ரெண்டு துணிக்கும் ஒத்து வரும்.

தண்ணீர்ப்பந்தல்ல வெயில்ல நிற்கும் தொண்டூழியருக்குப் பருத்தியே சுகம். அதனால கடைக்காரரிடம் எந்த முறைன்னு முதல்ல கேட்போம். உபயகாரர் கொடுத்த பணம் ரெண்டு துவையல்ல உரிஞ்சு போகக்கூடாது. சட்டையை உள்பக்கம் திருப்பித் துவைங்க. எழுத்து மேல இஸ்திரி போடாதீங்க.

முருகா சரணம்.