சார்ஜெண்ட் கொடுத்த ஞானஸ்நானம்

1801 பிப்ரவரியில் ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பிய கதை இந்த வாரம் வரவேண்டியது. அந்தக் கோட்டைக்குள் நுழைந்ததுமே, முப்பது வருஷத்துக்கு முன் அங்கே இருந்த இரண்டு பேர் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். அவர்களைச் சொல்லாமல் நகர மனமில்லை.

வருஷம் 1771. கோட்டை நவாபுடையது, உள்ளே இருந்தது கும்பினிப் பட்டாளம். பாதிரியார் என்று ஒருவரும் கிடையாது. சுவார்ட்ஸ் ஐயர் இருந்ததோ திருச்சியில். அவருடைய சபையைச் சேர்ந்த சவரிமுத்து இங்கே வேதத்தை வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தார். கத்தோலிக்கர், இந்து என்ற பேதமில்லாமல் ஆட்கள் கேட்டார்கள். அவருக்குப் பக்கபலமாக நின்றவர் ஓர் ஆங்கில சார்ஜெண்ட். சார்ஜெண்டின் மனைவியும் திருச்சி சபைக்காரி.

கேட்க வந்தவர்களில் ஓர் இளம் கணக்கர். வாசிப்பு அவருக்குப் பிடித்துப்போயிற்று. சார்ஜெண்ட் அவரை உட்காரவைத்து, ஞானோபதேசத்தின் ஐந்து பகுதிகளையும் மனப்பாடம் செய்யவைத்து, தன் கையாலேயே ஞானஸ்நானமும் கொடுத்துவிட்டார்! செய்தி திருச்சிக்கு எட்டியபோது சுவார்ட்ஸ் வருத்தப்பட்டார். தெளிந்த அறிவு வருமுன்னே இப்படிச் செய்தால் மற்றவர்கள் நடுவே கெடுதலாகுமே என்று எழுதிவைத்தார்.

சுவார்ட்ஸ் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ஆனாலும் இந்த இடத்தில் நான் சார்ஜெண்ட் கட்சி. குருவானவர் பாளையங்கோட்டைக்கு வர 1778 ஆயிற்று. ஏழு வருஷம் அந்தக் கணக்கர் வாசலிலேயே நின்றிருக்க வேண்டுமா? சார்ஜெண்ட் அவசரப்பட்டவர்தான், ஆனால் அக்கறையில்லாதவர் அல்ல. அவர் பெயரையாவது குறித்துவைத்திருக்கலாம்.

இன்றைய இந்திய ராணுவத்தில் பண்டிதர், கிரந்தி, மௌலவி, பாதிரியார் எல்லோரும் ஜே.சி.ஓ. தரத்தில் சம்பளத்துக்கு இருக்கிறார்கள். அமெரிக்கக் கடற்படையில் பாதிரியார் இல்லாத கப்பல்களில், முன்வரும் மாலுமி ஒருவரைத் தளபதியே நியமித்து ஜெபம் நடத்தச் சொல்கிறார். சவரிமுத்துவை எந்தத் தளபதியும் நியமித்ததாகத் தெரியவில்லை. எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரிந்த மனுஷன், வாசித்தார், அவ்வளவுதான்.

1778இல் வந்த சுவார்ட்ஸ், ஆங்கில அதிகாரி லிட்டில்டனோடு வாழ்ந்து அவர் இறந்தபின் தனித்திருந்த பிராமண விதவைக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். அவர்தான் கிளாரிந்தா. 1780இல் சபைப் பதிவேட்டில் 40 பேர். 1785இல் கிளாரிந்தா முன்னின்று கட்டிய ஆலயத்தைச் சுவார்ட்ஸ் பிரதிஷ்டை செய்தார். திருநெல்வேலிச் சீமைத் திருச்சபைக்கு ஆரம்பம் என்று எல்லோரும் எழுதுவது இங்கிருந்துதான். நான் 1771இலிருந்து எழுதுவேன்.

நம் வெம்பக்கோட்டைப் பக்கத்துக்கு இது அந்நியக் கதை இல்லை. 1854இல் மிஷனரி ராக்லண்ட் சிவகாசி வட்டாரத்தில் ஊர் ஊராகக் கூடாரமடித்துத் திரிந்ததும் இந்தக் கொடியின் நீட்சியே. ஐயர் எப்போதாவது வரும் சிற்றூர்களில், வாரா வாரம் ஜெபம் நடத்துகிறவர் இன்றும் உபதேசியார்தான்.

ஊமைத்துரையும் விறகுக் கட்டும் அடுத்த வாரம்.

(தொடரும்)