ஆஸ்டின் சாலையின் இரு பக்கம்

சிகாகோவின் மேற்கு எல்லையில் ஆஸ்டின் பூலவார்டு என்ற சாலை வடக்குத் தெற்காக ஓடுகிறது. அதன் கிழக்கே மாநகரைச் சேர்ந்த ஆஸ்டின் பகுதி. மேற்கே ஓக் பார்க் என்ற சிறிய புறநகர். தனக்கென ஊராட்சி மன்றம் உடையது, மக்கள்தொகை ஏறத்தாழ 54,000. சற்றுத் தெற்கே சிசரோ. மூன்றும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். 19ஆம் நூற்றாண்டின் இறுதிவரை இவையெல்லாம் சிசரோ டவுன்ஷிப் என்ற ஒரே நிர்வாகத்தின் கீழ் இருந்தன. 1899இல் ஆஸ்டினை மாநகரோடு சேர்க்க டவுன்ஷிப்பின் மற்ற ஊர்க்காரர்கள் வாக்களித்தார்கள். ஆஸ்டின்வாசிகளின் எதிர்ப்பு எடுபடவில்லை. 1902இல் ஓக் பார்க் தனி ஊரானது. 1960இல் கணக்கெடுத்தபோதும் மூன்றிலும் வாழ்ந்தவர்கள் அநேகமாக எல்லோரும் வெள்ளையர்களே. 1980இல் படமே மாறியிருந்தது. ஆஸ்டினில் நான்கில் மூன்று பங்கினர் கறுப்பினத்தவர். சிசரோ கறுப்பினத்தவருக்குக் கதவை அடைத்தே வைத்திருந்தது. ஓக் பார்க்கில் மட்டும் பத்தில் ஒருவர் கறுப்பினத்தவர் என்ற நிலை வந்து, 2000 வாக்கில் ஐந்தில் ஒருவர் என்று உயர்ந்து, ஊர் கலப்பாகவே நிலைத்தது. ஓர் ஊரில் எந்த இனத்தார் எத்தனை பேர் என்பது மக்களின் இயல்பான நாட்டத்தால் தானாக அமைவது என்று பலரும் நம்புகிறார்கள். அது உண்மையானால் இந்த மூன்று ஊர்களும் மூன்று வழியில் போயிருக்க நியாயமில்லை. ஊரின் இனக் கலவை சட்டத்தாலும் பணத்தாலும் நிர்வாக முடிவுகளாலும் உண்டாக்கப்படுவது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றைத் தேடிப் பிடிப்பது கடினம்.

முதலில், 1960இன் அந்த வெண்மையே செய்யப்பட்ட ஒன்றுதான். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஓக் பார்க்கின் நடுவே ஒரு சிறிய கறுப்பினக் குடியிருப்பு இருந்தது. மவுண்ட் கார்மெல் என்ற பாப்டிஸ்ட் தேவாலயமும் அவர்களுக்கென இருந்தது. கடைவீதி விரிந்தபோது அந்தக் குடும்பங்கள் இடம்பெயர்ந்தன, தேவாலயமும் போயிற்று. அவர்கள் ஊருக்குள்ளேயே வேறு வீடு பார்த்துக்கொள்ள வழியில்லை. கறுப்பினத்தவருக்கு விற்பதில்லை, வாடகைக்கு விடுவதில்லை என்ற நிபந்தனையைக் கிரயப் பத்திரத்திலேயே எழுதிவைக்கும் வழக்கம் சிகாகோ வட்டாரத்தில் பரவலாக இருந்தது. அப்படிப்பட்ட நிபந்தனைகளை நீதிமன்றங்கள் அமல்படுத்தக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 1948இல்தான். அதற்குள், 1934இல் தொடங்கிய கூட்டாட்சி வீட்டுவசதி நிர்வாகம், கறுப்பினத்தவர் வாழும் இடங்களுக்கு வீட்டுக்கடன் உத்தரவாதம் தருவது ஆபத்து என்று அரசாங்க விதியாகவே எழுதிவிட்டது. சாதாரண மனிதரின் தப்பெண்ணத்துக்கு வங்கிப் பணத்தின் பலம் வந்து சேர்ந்தது அப்படித்தான்.

பத்திரம் தடுக்காத இடத்தில் நெருப்பு தடுக்கப் பார்த்தது. பெர்சி ஜூலியன் சோயாவிலிருந்து ஹார்மோன்களைப் பெருமளவில் தயாரிக்கும் முறைகளைக் கண்ட வேதியியலாளர். வியன்னாவில் முனைவர் பட்டம் பெற்றவர். 1950இல் சிகாகோவின் ஒரு நாளிதழ் அவரை அந்த ஆண்டின் சிறந்த சிகாகோவாசி என்று கொண்டாடியது. அதே ஆண்டு அவர் ஓக் பார்க்கில் வாங்கிய வீட்டுக்கு, குடியேறும் முன்பே, நன்றி நவிலும் நாளில் தீ வைத்தார்கள். 1951 ஜூனில் வெடிகுண்டு வீசினார்கள். குடும்பம் அசையவில்லை, ஊராரில் ஒரு பகுதியினர் அவர்கள் பக்கம் நின்றார்கள். அடுத்த மாதமே பக்கத்துச் சிசரோவில், ஒரு கறுப்பினக் குடும்பம் அடுக்குமாடியில் வீடு எடுத்ததற்காக ஆயிரக்கணக்கானோர் திரண்டு அந்தக் கட்டடத்தையே சூறையாடினார்கள். தேசியக் காவல் படை வந்துதான் அடக்கியது. 1950களின் ஓக் பார்க் சிசரோவைவிட நல்ல மனம் படைத்தது என்று சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. ஜூலியன் அங்கு குடியேறி ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆன பிறகும், 1970 கணக்கெடுப்பில், 62,000க்கு மேற்பட்டோர் வாழ்ந்த ஊரில் கறுப்பினத்தவர் சுமார் 130 பேர்தான்.

ஆஸ்டின் கைமாறிய விதத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஓக் பார்க் செய்ததெல்லாம் அதற்குப் பதிலாகவே செய்தது. தரகர் ஒரு தெருவில் ஒரே ஒரு வீட்டைக் கறுப்பினக் குடும்பத்துக்கு விற்பார். பிறகு மற்ற வீடுகளுக்குத் தொலைபேசியும் துண்டறிக்கையும் போகும்: இப்போதே விற்றுவிடுங்கள், அடுத்த மாதம் இந்த விலையும் கிடைக்காது. பயந்தவர்கள் அடிமாட்டு விலைக்கு விற்பார்கள். வங்கிக் கடன் கிடைக்காத கறுப்பினத்தவருக்குத் தரகர் அதே வீட்டைப் பெருந்தொகைக்குத் தவணையில் விற்பார். கடைசித் தவணை கட்டி முடிக்கும்வரை பத்திரம் விற்றவர் பெயரிலேயே இருக்கும். ஒரு தவணை தவறினாலும் வீடு போய்விடும், கட்டிய பணமும் போய்விடும். அந்தத் தவணையைக் கட்டவே ஒரு வீட்டில் இரண்டு குடும்பங்கள் நெருங்கி வாழ்ந்தன, பழுதுபார்க்கக் கையில் காசில்லை, வீடுகள் சீரழிந்தன. அந்தச் சீரழிவையே காட்டி அடுத்த தெருவை மிரட்டினார்கள். கறுப்பினத்தவர் வந்தால் வீட்டுவிலை விழும் என்ற கூற்றை உண்மையாக்கிக் காட்டிய இயந்திரம் இது. ஆஸ்டினில் இதை எதிர்த்து அமைப்பு திரட்டிப் போராடியவர்கள் உண்டு. ஆனால் அவர்களிடம் சொந்தமாக மன்றமும் இல்லை, வரிப்பணமும் இல்லை. 1899இல் மாநகருக்குள் போன பகுதி எல்லாவற்றுக்கும் நகர மண்டபத்தைத்தான் பார்த்திருக்க வேண்டியிருந்தது.

ஓக் பார்க்கிடம் மன்றம் இருந்தது. 1968 ஏப்ரலில் மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட மறுவாரம் அமெரிக்க நாடாளுமன்றம் வீட்டுவசதிப் பாகுபாட்டைத் தடைசெய்தது. மே மாதமே ஓக் பார்க் தன் சொந்தச் சட்டத்தை நிறைவேற்றியது. ஆனால் பாகுபாட்டைத் தடைசெய்வதால் மட்டும் கலப்பு வந்துவிடாது என்பதற்கு ஆஸ்டின் கண்ணெதிரே சாட்சியாக இருந்தது. 1972இல் ராபர்ட்டா ரேமண்ட் தொடங்கிய வீட்டுவசதி மையம், வாடகைக்கு வீடு தேடி வருபவர்களிடம் பேசி, வெள்ளையர்களை ஆஸ்டின் எல்லையோரக் கட்டடங்களுக்கும் கறுப்பினத்தவரைக் கறுப்பினத்தவர் அதிகம் இல்லாத தெருக்களுக்கும் போகும்படி ஊக்குவித்தது. வாசலில் விற்பனைப் பலகை நடுவதை ஊர் தடைசெய்தது. நியூ ஜெர்சி ஊர் ஒன்றின் வழக்கில் இத்தகைய தடை செல்லாது என்று 1977இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகும், உள்ளூர்த் தரகர்கள் தாமாகவே பலகை வைக்காமல் இருந்தார்கள். மன்றம் தன் புதிய அலுவலகத்தை 1975இல் ஊரின் கிழக்குப் பகுதியில், ஆஸ்டினுக்கு அருகிலேயே கட்டியது. 1978இல் வந்த திட்டம்தான் எனக்கு எல்லாவற்றிலும் அறிவார்ந்ததாகப் படுகிறது. வீட்டுக்காரர் பதிவு செய்து மதிப்பீடு வாங்கிக்கொள்ளலாம்; குறைந்தது ஐந்தாண்டு கழித்து விற்கும்போது அந்த மதிப்புக்குக் கீழே போனால் இழப்பில் 80 சதவீதத்தை ஊராட்சி ஈடுசெய்யும். சேர்ந்தவர்கள் சிலரே. இழப்பீடு கேட்டு ஒரு கோரிக்கைகூட வரவில்லை. தரகர்கள் விற்றது பயத்தை. அந்தப் பயத்துக்கே ஊர் காப்பீடு கொடுத்துவிட்டது.

ஓக் பார்க் படித்த, வசதியான ஊர், கட்டடக் கலைஞர் ஃபிராங்க் லாய்ட் ரைட் வடிவமைத்த வீடுகள் நிறைந்த ஊர், அதனால்தான் தாக்குப்பிடித்தது என்று சொல்பவர்கள் உண்டு. வசதி உதவியது என்பதை மறுக்க முடியாது. ஆனால் சிகாகோவின் தென்பகுதியில் ஏரிக்கரையோரம் இருந்த சவுத் ஷோர் பகுதியும் நடுத்தர வர்க்கத்தாரின் வசதியான இடம்தான். கலப்பை நிலைநிறுத்த அங்கும் குடியிருப்போர் ஆணையம் அமைத்து உழைத்தார்கள். அது 1970களில் முழுக்கக் கைமாறிவிட்டது. வசதியும் நல்லெண்ணமும் அங்கும் இருந்தன. சட்டம் இயற்றும் அதிகாரம் இல்லை.

இதைவிடக் கனமான மறுப்பு, கறுப்பினத்தவரிடமிருந்தே வந்தது. நீ இங்கே போ, அங்கே போ என்று இனம் பார்த்து ஆலோசனை சொல்வதும் பாகுபாடு அல்லவா? கறுப்பினத்தவர் இத்தனை சதவீதத்துக்கு மேல் கூடாது என்ற உச்சவரம்பு யோசனைகூட 1970களின் தொடக்கத்தில் ஓக் பார்க்கில் எழுந்தது. எதிர்ப்பு வலுத்ததால் கைவிடப்பட்டது. கைவிட்டது சரி. வெள்ளையர் ஓடிவிடாமல் இருக்க வேண்டும் என்பதற்காகக் கறுப்பினத்தவர் அளவோடு வர வேண்டும் என்ற கணக்கில், யாருடைய மனநிம்மதி முதலில் எண்ணப்படுகிறது என்பது வெளிப்படை. மையத்தின் ஆலோசனையை யாரும் ஏற்றே ஆக வேண்டும் என்றில்லை, பிடித்த வீட்டை எவரும் எடுக்கலாம் என்ற பதில் பாதிதான் நிறைவளிக்கிறது. ஆனாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அன்று சிகாகோ வட்டாரத்தில் இனம் பார்க்காத சந்தை என்று ஒன்று இருக்கவில்லை. தரகர் ஏற்கெனவே இனம் பார்த்துத்தான் வழிகாட்டிக்கொண்டிருந்தார். ஊராட்சி ஒதுங்கி நின்றிருந்தால் சுதந்திரத் தேர்வு வந்திருக்காது, இன்னொரு ஆஸ்டின்தான் வந்திருக்கும்.

இந்தக் கொள்கையின் உண்மையான குறை வேறிடத்தில் இருக்கிறது. அது இனத்தைக் கணக்கில் எடுத்தது, வருமானத்தை எடுக்கவில்லை. ஊர் கலப்பாக நிலைத்தது என்ற நற்பெயரே வீட்டு விலையை ஏற்றியது, சொத்துவரியும் ஏறியது. 2000க்குப் பிறகு கறுப்பினத்தவர் விகிதம் மெல்லக் குறைந்துவருகிறது. இம்முறை யாரும் தீ வைக்கவில்லை. வாடகையே போதுமானதாக இருக்கிறது. உயர்நிலைப் பள்ளியில் கறுப்பின மாணவர்களும் வெள்ளை மாணவர்களும் ஒரே கட்டடத்தில் படித்தும் பாடத்தரம் வாரியாகப் பிரிந்த வகுப்புகளில் அமர்வதை, 2018இல் வெளிவந்த ‘அமெரிக்கா டு மீ’ என்ற ஆவணத்தொடர் மணிக்கணக்கில் காட்டியது. 2019இல் ஊராட்சி, பெரிய அடுக்குமாடி கட்டுபவர்கள் சில வீடுகளைக் குறைந்த வாடகைக்கு ஒதுக்க வேண்டும் என்று சட்டம் போட்டது. அதற்குப் பதிலாகப் பணம் கட்டிவிடும் வழியையும் அதிலேயே திறந்துவைத்தது. 1978இல் வீட்டு உரிமையாளரின் இழப்புக்குப் பொறுப்பேற்க முன்வந்த அதே மன்றம், வாடகைக்காரர் ஊரைவிட்டுப் போக நேர்வதற்கு அந்த அளவு பொறுப்பை இன்னும் ஏற்கவில்லை.