மணம் நிகழ்ந்த மனையும் மாலை தந்த கோயிலும்

இரங்கூனிலும் பினாங்கிலும் கொண்டுவிற்று வாழ்ந்த நகரத்தார் முன்னோர், திருமணத்திற்குக் கடல் கடந்து செட்டிநாட்டுப் பூர்விக வீட்டிற்கே வந்தது எதனால்? அவ்வீடு தனி ஒருவரது உடைமையன்று. பங்காளிகள் அனைவர்க்கும் பொதுவானது. வளவைச் சூழ்ந்த அறைகள் மணமான புதல்வர்க்கு உரியன. பெண் வீட்டு வளவிலே திருப்பூட்டுதல் நிகழ்ந்தது, இசைகுடிமானம் எழுதப்பெற்றது.

இதனினும் சிறந்த காரணம் கோயிலே. இளையாற்றங்குடி, மாற்றூர், வைரவன்கோயில், நேமம், இலுப்பைக்குடி, சூரைக்குடி, வேலங்குடி, இரணியூர், பிள்ளையார்பட்டி என்னும் 9 நகரக் கோயில்களுள் ஒன்றைச் சார்ந்தே ஒவ்வொரு குடும்பமும் விளங்குகிறது. ஒரே கோயிற் பிரிவினர் பங்காளிகளாதலின் தம்முள் மணம் கொள்ளார். மணமக்கள் இருவர் கோயில்களிலிருந்தும் மாலை வந்த பின்னரே மணம் நிறைவுறும். அன்று முதல் அவர்கள் ஒரு புள்ளி; அவர்தம் புள்ளிவரி இறைவன் திருப்பணிக்கு உரியது. ஆதலின், தம் பூர்விக வீட்டை அறிந்தவர் தம் பங்காளிகளையும் கோயிலையும் எளிதில் அறிவர்.

1942-இல் பர்மாவில் போர் நிகழ்ந்தபோது, கடைகளைத் துறந்து திரும்பியோர்க்கு எஞ்சி நின்றவை அவ்வீடும் அக்கோயிலுமே. இன்று நகரத்து மண்டபங்களில் மணம் நிகழினும், கோயில் மாலை வரும் வழக்கம் மறையவில்லை. அம்மாலையின் வழியே குலமும் கோயிலும் பிணைந்து நிற்கின்றன. அப்பிணைப்பு இறையருளால் என்றும் நிலைபெறுக!