குழந்தைகளுக்கு இடும் சுர்மாவிலும் ஈயமா? வீட்டுப் பொருட்களில் உள்ள நச்சு குறித்து பெற்றோர் அறிய வேண்டியவை

ஹைதராபாத்: கண்ணுக்கு இடும் சுர்மா, சுவரில் உரியும் வண்ணப்பூச்சு, தரமற்ற பொம்மை, கலப்பட மஞ்சள் தூள் எனப் பல அன்றாடப் பொருட்கள் வழியாக ஈயம் குழந்தைகளின் உடலில் சேரக்கூடும். அதன் பாதிப்பு என்ன, தடுப்பது எப்படி என்பதை இத்தொகுப்பில் காணலாம்.

யுனிசெஃப் மற்றும் பியூர் எர்த் அமைப்புகள் 2020 ஜூலையில் வெளியிட்ட அறிக்கை, உலகில் சுமார் 80 கோடி குழந்தைகளின் ரத்தத்தில், ஒரு டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராம் அல்லது அதற்கு மேல் ஈயம் இருப்பதாக மதிப்பிட்டது. இவர்களில் சுமார் 27.5 கோடி பேர் இந்தியக் குழந்தைகள்.

குழந்தைகளுக்கு ஏன் ஆபத்து அதிகம்?: ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என உலக சுகாதார அமைப்பு கூறுகிறது. வாய்வழியே உட்செல்லும் ஈயத்தைப் பெரியவர்களைவிடக் குழந்தைகளின் உடல் 4 முதல் 5 மடங்கு வரை அதிகமாக உறிஞ்சும். இரும்புச்சத்து, கால்சியம் குறைபாடு இருந்தால் இது மேலும் கூடும். வளரும் மூளையைப் பாதித்து, கற்றல் திறனையும் கவனத்தையும் ஈயம் குறைக்கிறது. மூளையில் ஏற்படும் இப்பாதிப்பு பெரும்பாலும் நிரந்தரமானது. தொடக்கத்தில் வெளிப்படையான அறிகுறி ஏதும் இல்லாமல் போகலாம் என்பதே இதன் பெரும் சிக்கல்.

சுர்மாவில் என்ன உள்ளது?: பாதுகாப்பு ஆய்வகங்களுக்குப் பெயர்பெற்ற காஞ்சன்பாக் முதல் சார்மினார் வரையிலான ஹைதராபாத் பழைய நகர வட்டாரத்தில், கண்ணுக்குச் சுர்மா இடுவது தலைமுறைகளாகத் தொடரும் வழக்கம். கண்ணேறு படாது, பார்வை தெளிவாகும் என்ற நம்பிக்கையில் பச்சிளங் குழந்தைகளுக்கும் இது இடப்படுகிறது. பாரம்பரிய சுர்மா பல நேரங்களில் 'கலீனா' எனும் ஈய சல்பைடு கனிமத்தை அரைத்துத் தயாரிக்கப்படுகிறது. குழந்தை கண்ணைக் கசக்கிய விரலை வாயில் வைக்கும்போது அது வயிற்றுக்குள் செல்கிறது. கண்ணீருடன் கலந்து மூக்கு வழியாகத் தொண்டைக்கும் இறங்குகிறது. அமெரிக்காவில் இத்தகைய மைகளை விற்க அனுமதியில்லை. இந்தியாவிலும் அழகுசாதனப் பொருட்களில் நிறத்துக்காக ஈயச் சேர்மங்களைச் சேர்க்கச் சட்டம் தடை விதித்துள்ளது. எனினும், தயாரிப்பாளர் பெயரோ உரிம எண்ணோ இன்றிச் சில்லறையாக விற்கப்படும் குப்பிகளில் என்ன உள்ளது என்பதை வாங்குவோரால் அறிய இயலாது.

தமிழகத்தில் விளக்குக் கரியையும் விளக்கெண்ணெயையும் கலந்து வீட்டிலேயே மை தயாரிக்கும் வழக்கம் உண்டு. அது சுர்மாவிலிருந்து வேறுபட்டது என்றாலும், தொற்று அபாயம் இருப்பதால் பச்சிளங் குழந்தையின் கண்ணில் எந்த மையும் இட வேண்டாம் என்பதே குழந்தை மருத்துவர்களின் பொதுவான அறிவுரை.

வண்ணப்பூச்சும் பொம்மையும்: வீட்டு மற்றும் அலங்கார வண்ணப்பூச்சுகளில் ஈயத்தின் அளவு பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மிகக்கூடாது என்ற விதி 2016இல் அறிவிக்கப்பட்டு, 2017 நவம்பர் முதல் நடைமுறையில் உள்ளது. தொழிற்சாலைப் பயன்பாட்டுக்கான வண்ணங்கள் இவ்விதியில் அடங்காது. அதற்கு முன் பூசப்பட்ட பழைய சுவர், கதவு, சன்னல்களிலும் ஈயம் இருக்கலாம். பொம்மைகளைப் பொறுத்தவரை, 14 வயதுக்குட்பட்டோருக்கானவற்றுக்கு 2021 ஜனவரி 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம்.

மஞ்சள் தூளில் கலப்படம்: பளிச்சென்ற நிறத்துக்காக மஞ்சளில் 'லெட் குரோமேட்' எனும் ஈய நிறமி கலக்கப்படுவதுண்டு. வங்கதேசத்தில் 2019இல் இது கண்டறியப்பட்டதும், அந்நாட்டு அரசு சந்தைகளில் சோதனை நடத்தி அபராதம் விதித்தது. இரண்டே ஆண்டுகளில் சந்தை மாதிரிகளில் இக்கலப்படம் ஏறத்தாழ முற்றிலும் மறைந்தது. கண்காணிப்பு இருந்தால் மாற்றம் சாத்தியம் என்பதற்கு இது சான்று. இந்தியாவிலும் இதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. நாடு முழுவதும் 2000ஆம் ஆண்டில் ஈயம் கலந்த பெட்ரோல் விற்பனை நிறுத்தப்பட்டது, காற்றில் ஈயம் குறையப் பெரிதும் உதவியது.

பெற்றோர் செய்ய வேண்டியவை:

* குழந்தைகளுக்குச் சுர்மா இடுவதைத் தவிர்க்க வேண்டும். பொட்டு வைக்க விரும்பினால், உரிய முகவரியும் உரிம எண்ணும் உள்ள பொருளையே தேர்ந்தெடுக்கலாம்.
* பழைய வண்ணத்தை உலர்ந்த நிலையில் சுரண்டக்கூடாது. அப்பணி நடக்கும்போது குழந்தைகளும் கர்ப்பிணிகளும் வீட்டில் இருக்கக்கூடாது.
* தரையைத் துடைப்பத்தால் பெருக்குவதைவிட ஈரத்துணியால் துடைப்பது நல்லது.
* உணவுக்கு முன் குழந்தையின் கைகளைச் சோப்பிட்டுக் கழுவ வேண்டும்.
* முழு மஞ்சளை வாங்கி அரைத்துப் பயன்படுத்தலாம். ஆனால் பளபளக்கும் அடர்மஞ்சள் நிறக் கிழங்குகளைத் தவிர்க்க வேண்டும்.
* பேட்டரி உடைக்கும் பணி, வண்ணம் பூசும் பணி செய்வோர் உடை மாற்றிக் குளித்த பிறகே குழந்தையைத் தூக்க வேண்டும்.
* கீரை, பால், கேழ்வரகு போன்ற இரும்பு மற்றும் கால்சியம் நிறைந்த உணவு அவசியம்.

எப்போது பரிசோதிக்க வேண்டும்?: தொடர்ந்து சுர்மா இடப்பட்ட குழந்தை, மண் அல்லது சுவர்ப்பூச்சைத் தின்னும் குழந்தை, காரணமின்றி ரத்தசோகை, வயிற்றுவலி, மந்தநிலை காணப்படும் குழந்தை ஆகியோருக்கு ரத்தத்தில் ஈய அளவுப் பரிசோதனை தேவையா என மருத்துவரிடம் கேட்கலாம். முடிவு 5 மைக்ரோகிராம் அல்லது அதற்கு மேல் இருந்தால், ஈயம் எங்கிருந்து வருகிறது என்பதைக் கண்டறிந்து அகற்ற வேண்டும் என உலக சுகாதார அமைப்பின் 2021 வழிகாட்டுதல் கூறுகிறது. அளவு 45 மைக்ரோகிராமை எட்டினால், ஈயத்தை உடலிலிருந்து வெளியேற்றும் மருந்து பரிந்துரைக்கப்படுகிறது. எனினும், அம்மருந்து மூளைக்கு ஏற்கெனவே ஏற்பட்ட பாதிப்பைச் சரிசெய்யாது.