ஃபிலிமின் வாரிசும் வீடியோவின் வாரிசும்: பழைய டிஎஸ்எல்ஆர், சூப்பர்ஜூம் கேமராக்களின் வரலாறு

இருபத்தோராம் நூற்றாண்டின் முதல் இருபது ஆண்டுகளில், நடுத்தரத் தொகையைக் கையில் வைத்துக்கொண்டு கேமரா வாங்க முனைந்தவர் முன் பெரும்பாலும் இரண்டு கருவிகள் நின்றன. ஒன்று, சில ஆண்டுகள் பழையதாகி விலை இறங்கிய, லென்ஸைக் கழற்றி மாற்றக்கூடிய டிஎஸ்எல்ஆர். மற்றொன்று, ஏறத்தாழ அதே விலைக்குப் புதிதாகவே கிடைத்த, அகன்ற நிலக்காட்சி முதல் மரத்தின் உச்சிக் கிளையில் அமர்ந்த பறவை வரை கழற்ற முடியாத ஒரே லென்ஸால் எடுத்துவிடும் சூப்பர்ஜூம். விளம்பரங்கள் இரண்டையும் மெகாபிக்சல் எண்ணிக்கையாலும் ஜூம் மடங்காலும் ஒப்பிட்டுக் காட்டியதால், ஒரே பொருளின் இரு தரங்களாகவே அவை வாங்குவோருக்குத் தோன்றின. உண்மையில் அவை வேறுவேறு மரபுகளில் பிறந்தவை: டிஎஸ்எல்ஆர் ஃபிலிம் கேமராவின் வாரிசு, சூப்பர்ஜூம் வீடியோ கேமராவின் வாரிசு. ஒன்றின் நிறையும் மற்றதன் குறையும் பொறியாளர்களின் திறமையால் நேர்ந்தவை என்பதைவிட, அவ்விரு மரபுகளும் சுமந்துவந்த அளவுகளால் நேர்ந்தவை என்பதே பொருந்தும்.

ஃபிலிம் மரபின் அடிப்படை அளவு 24×36 மில்லிமீட்டர். ஜெர்மனியின் வெட்ஸ்லார் நகரில் லைட்ஸ் நிறுவனத்தில் பணியாற்றிய ஆஸ்கர் பார்னாக், திரைப்படச் சுருளின் 18×24 மில்லிமீட்டர் சட்டத்தை இருமடங்காக்கி உருவாக்கிய இந்த அளவு, 1925இல் சந்தைக்கு வந்த லைக்கா கேமராவின் வழியாக உலகெங்கும் நிலைபெற்றது. டிஎஸ்எல்ஆர் என்ற பெயரின் கடைசி மூன்று எழுத்துகள் குறிக்கும் ‘ஒற்றை லென்ஸ் பிரதிபலிப்பு’ முறை அதைவிடப் பழையது; லென்ஸுக்குப் பின்னால் சாய்வாக நிறுத்திய கண்ணாடி, உள்ளே வரும் ஒளியை மேல்நோக்கித் திருப்பிப் பார்ப்பவர் கண்ணுக்கு அனுப்புவதும், படம் எடுக்கும் கணத்தில் விலகி ஒளியை ஃபிலிமுக்கு விடுவதுமான இந்த ஏற்பாட்டுக்கு, 1861இலேயே இங்கிலாந்தின் தாமஸ் சட்டன் காப்புரிமை பெற்றிருந்தார். 1936இல் டிரெஸ்டன் நகரிலிருந்து வந்த கீனே எக்ஸாக்டா இம்முறையை 35 மி.மீ. ஃபிலிமுக்குக் கொண்டுவந்தது, அதே நகரிலிருந்து 1949இல் வந்த காண்டாக்ஸ் எஸ், இடவலம் மாறாமல் நேராகக் காட்டும் ஐங்கோணப் பட்டகத்தைக் கண்ணாடியின் மேல் பொருத்தியது. எனினும் ஒவ்வொரு படத்துக்குப் பின்னும் கண்ணாடி மேலேயே நின்றுவிட, ஃபிலிமை அடுத்த சட்டத்துக்குச் சுற்றும்வரை காட்சி இருண்டே கிடந்தது. ஜப்பானின் அசாஹி நிறுவனம் 1954இல், படம் எடுத்த உடனே தானாகக் கீழிறங்கும் கண்ணாடியைத் தன் அசாஹிஃபிளெக்ஸில் பொருத்தி இக்குறையை நீக்கிய பிறகுதான் இவ்வகைக் கேமரா செய்தியாளர்களுக்கும் விளையாட்டுப் படக்காரர்களுக்கும் முழுமையாகக் கைவந்தது.

1959இல் நிக்கான் எஃப் வெளியானபோது அதனுடன் வந்த லென்ஸ் பூட்டு, அதாவது லென்ஸைக் கேமராவின் உடலோடு இணைக்கும் உலோக வளையம், இவ்வரலாற்றில் கேமராவைவிட முக்கியமானது. வளையத்துக்கும் ஃபிலிமுக்கும் இடையே 46.5 மில்லிமீட்டர் தூரத்தைக் கண்ணாடி மேலும் கீழும் அசைவதற்காக ஒதுக்கிய அந்தப் பூட்டை நிக்கான் பின்னர் மின்தொடர்புகளைச் சேர்த்து வளர்த்ததே அன்றிக் கைவிடவில்லை. கேனான், தானியங்கிக் குவியத்துக்காக 1987இல் பழைய பூட்டைத் துறந்து இஎஃப் பூட்டுக்கு மாறி, அந்நாளைய வாடிக்கையாளர்களின் மனத்தாங்கலுக்கு ஆளானாலும், அதன்பின் அதையே தன் டிஎஸ்எல்ஆர் காலம் முழுவதும் காத்தது. டிஜிட்டல் யுகம் தொடங்கியபோது இரு நிறுவனங்களிடமும் இருந்த பெருஞ்செல்வம், ஏற்கெனவே மக்கள் கைகளில் இருந்த லட்சக்கணக்கான லென்ஸ்களே. 1991இல் கோடாக் வெளியிட்ட 1.3 மெகாபிக்சல் டிசிஎஸ் நிக்கான் எஃப்3இன் உடலில் கட்டப்பட்டதும், 1999இல் நிக்கான் தானே முழுமையாக வடிவமைத்த 2.7 மெகாபிக்சல் டி1 அதே பூட்டுடன் வந்ததும் இதனால்தான்.

ஆனால் ஃபிலிம் சட்டத்தின் முழு அளவில் ஒளியுணரி செய்வது அன்று பெருஞ்செலவாக இருந்தது. ஒளியை மின்னேற்றமாக மாற்றும் சிலிக்கான் தகடான ஒளியுணரி, மற்றச் சில்லுகளைப் போலவே ஒளியச்சு முறையில் வரையப்படுவது. அந்த அச்சு இயந்திரம் ஒரே வீச்சில் வரையும் பரப்புக்கு எல்லை உண்டு. 24×36 மி.மீ. அந்த எல்லையைத் தாண்டுவதால் பகுதி பகுதியாக வரைந்து ஒட்டவைக்க வேண்டியிருந்தது. பரப்பு பெரிதாகப் பெரிதாக ஒரு சிறு பழுதாவது விழுந்து முழுத் தகடும் வீணாகும் வாய்ப்பும் கூடியது. ஆகவே ஏறத்தாழ 24×16 மி.மீ. கொண்ட, ஏபிஎஸ்-சி எனப்படும் இடை அளவே பெரும்பாலான டிஎஸ்எல்ஆர்களின் அளவாயிற்று. 2003இல் கேனான் இஓஎஸ் 300டி, 6.3 மெகாபிக்சலுடன் ஆயிரம் டாலருக்கும் குறைவாக வந்து செய்தித்தாள் அலுவலகங்களின் கருவியைக் குடும்பங்களின் கருவியாக்கியது. மறு ஆண்டே நிக்கான் டி70 எதிர்நின்றது. 2006இல் டி40 விலையை மேலும் இறக்கியது.

‘பழைய டிஎஸ்எல்ஆர்’ என்ற வகையே உருவான விதம் இங்கு கவனிக்கத்தக்கது. ஃபிலிம் காலத்தில் படத்தின் தரம் உயர்ந்தது பெரும்பாலும் ஃபிலிம் சுருளில்தான். நல்ல ஃபிலிம் வந்தால் இருபது ஆண்டுப் பழைய கேமராவும் அதன் பயனை அன்றே பெற்றது. டிஜிட்டலில் ஃபிலிமின் இடத்தை எடுத்துக்கொண்ட ஒளியுணரி உடலோடு பிணைந்துவிட்டது. எனவே புதிய ஒளியுணரி வந்த ஒவ்வொரு முறையும், பொறிநுட்பத்தில் எந்தப் பழுதும் இல்லாத உடல் ஒன்று விலையில் சரிந்தது; லென்ஸ் மட்டும் தன் மதிப்பைக் காத்துக்கொண்டது. பத்து ஆண்டுகளுக்கு முன் தொழில்முறைக் கலைஞர் பெருந்தொகை கொடுத்து வாங்கிய உடலை மாணவர் ஒருவர் சிறு தொகைக்கு வாங்க முடிந்தது இதனால்தான். இந்தச் சலுகையில் சிக்கல்களும் இருந்தன. டி40இன் உடலில் குவிய மோட்டார் கிடையாது என்பதால், மோட்டாரைத் தன்னுள்ளே கொண்ட லென்ஸ்கள் மட்டுமே அதில் தானாகக் குவியும். மலிவாகக் கிடைக்கிறதென்று பழைய லென்ஸ் வாங்கியவர் கையால் சுழற்றித்தான் குவிக்க வேண்டியிருந்தது.

சூப்பர்ஜூமின் கதை வேறொரு தொழிலில் தொடங்குகிறது. பெல் ஆய்வகத்தில் 1969இல் வில்லார்ட் பாயிலும் ஜார்ஜ் ஸ்மித்தும் வகுத்த சிசிடி என்னும் மின்னேற்ற இணைப்புச் சாதனம், புகைப்படத்துக்கு முன்பாகத் தொலைக்காட்சிக்கும் வீடியோவுக்கும் பரவலாகப் பயன்பட்டது. அதுவரை வீடியோ கேமராக்களில் இருந்த கண்ணாடிக் குழாய்களின் வெளிவிட்டத்தை வைத்து அளவு சொல்லும் வழக்கம் சிசிடிக்கும் ஒட்டிக்கொண்டது. 1/2.3 அங்குலம் என்று விற்கப்படும் ஒளியுணரி எந்தப் பக்கத்திலும் அந்த நீளம் இல்லாமல் 6.2×4.6 மில்லிமீட்டர் மட்டுமே இருப்பது இதனால்தான். கேமராப் பெட்டிகளில் அச்சாகும் எண்களில் வாங்குவோரை இதைப்போல் திசைதிருப்பியது வேறில்லை. தொலைக்காட்சித் திரைக்கு அன்று சில லட்சம் புள்ளிகளே போதுமாயிருந்ததால் இத்தகைய சிறு உணரிகளே வீட்டு வீடியோ கேமராக்களுக்குப் போதுமாயின. அவற்றைச் சுற்றி எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் நீண்ட ஜூம் லென்ஸ், விசையால் ஓடும் ஜூம், கண்ணருகே சிறு மின்னணுத் திரை, கை நடுக்கத்தை ஈடுசெய்யும் நிலைப்படுத்தி ஆகிய நான்கும் வளர்ந்து முதிர்ந்தன. நிலைப்படங்களை நெகிழ்வட்டில் பதிந்த, 14 மடங்கு ஜூம் கொண்ட சோனி மாவிகா எஃப்டி91 1998இலும், 10 மடங்கு ஜூமும் நிலைப்படுத்தியும் கொண்ட ஒலிம்பஸ் சி-2100 2000இலும் இந்த நான்கையும் புகைப்படத்துக்குக் கொண்டுவந்தன. 2002இல் பானசோனிக் வெளியிட்ட எஃப்இசட்1 இரண்டே மெகாபிக்சல் கொண்டது. ஆயினும் 12 மடங்கு ஜூமின் கடைசிவரை எஃப்/2.8 என்ற அகன்ற துளையைக் குறையாமல் காத்தது. சூப்பர்ஜூம்களில் பின்னாளில் வந்த பல கேமராக்கள், ஜூம் மடங்கை உயர்த்தும் ஆவலில் இந்த நேர்மையை இழந்தன என்றே சொல்ல வேண்டும்.

சிறிய உணரிக்கும் நெடிய ஜூமுக்கும் உள்ள உறவு எளிய வடிவியல். ஒரு காட்சியின் எவ்வளவு பகுதி சட்டத்துக்குள் அடங்கும் என்பதை லென்ஸின் குவியத் தூரமும் உணரியின் அளவும் சேர்ந்தே முடிவு செய்கின்றன. உணரி ஐந்தரை மடங்கு சிறிதானால், ஐந்தரை மடங்கு குட்டையான லென்ஸே அதே நெருக்கத்தைத் தந்துவிடும். 35 மி.மீ. ஃபிலிமுக்கு 2000 மி.மீ. லென்ஸை நிக்கான் ஒரு காலத்தில் செய்து விற்றது. அது உள்ளே கண்ணாடிகள் கொண்டு தொலைநோக்கி போலக் கட்டப்பட்ட, தனித் தாங்கியில் நிறுத்தியே பயன்படுத்த வேண்டிய பெருங்கருவி. 2015இல் வந்த நிக்கான் பி900, 357 மி.மீ. லென்ஸால் அதே நெருக்கத்தை 900 கிராமுக்குள் அடக்கியது. 2008இல் 20 மடங்கு, 2010இல் 35, 2012இல் 50, 2015இல் 83 என ஓடிய போட்டி, 2018இல் பி1000இன் 125 மடங்கில் வந்து நின்றது.

இதற்கான விலை ஒளியில் செலுத்தப்பட்டது. ஏபிஎஸ்-சி உணரியின் பரப்பு 1/2.3 அங்குல உணரியின் பரப்பைப்போல் ஏறத்தாழ 13 மடங்கு. ஒளி ஃபோட்டான்களாகச் சிதறி விழுவதால் எண்ணிக்கை குறையும்போது ஏற்ற இறக்கம் தூக்கலாகத் தெரியும். படத்தில் புள்ளி புள்ளியாகத் தோன்றும் அதைத்தான் புகைப்படக்காரர்கள் நாய்ஸ் என்கிறார்கள். மாலை மங்கியபின், மண்டபத்துக்குள், மேடை விளக்கின் கீழ், பத்தாண்டுப் பழைய டிஎஸ்எல்ஆர் புத்தம்புதிய சூப்பர்ஜூமை எளிதில் வென்றதற்குக் காரணம் இதுவே. சிறு துளை வழியே செல்லும் ஒளி விரிந்து பரவும் விளிம்பு விளைவு இன்னொரு தடை. பி900இன் ஒரு பிக்சலின் அகலம் 1.3 மைக்ரான் அளவே, எஃப்/6.5 துளையில் ஒளிப்புள்ளி ஒன்று எட்டு மைக்ரானுக்கும் மேல் பரவுகிறது. அங்கே மெகாபிக்சல் எண்ணிக்கையைக் கூட்டுவதால் நுணுக்கம் கூடுவதில்லை.

ஆயினும் தொலைவின் கடைசி எல்லையில் இந்தக் கணக்கு தலைகீழாகிறது. இரு தரப்புக்கும் பரிந்து பேசுவோர் பெரும்பாலும் காணத் தவறும் இடம் இது. தொலைதூரப் பறவையிடமிருந்து எவ்வளவு ஒளி வந்து சேரும் என்பதை லென்ஸின் வாய் அகலமே முடிவு செய்கிறது. பி900இன் நீண்ட முனையில் அது சுமார் 55 மி.மீ.; டிஎஸ்எல்ஆர் உரிமையாளர்கள் பலர் வாங்கிய 70–300 மி.மீ. லென்ஸின் எஃப்/5.6 முனையிலும் அதே அளவுதான். 24 மெகாபிக்சல் டிஎஸ்எல்ஆரில் அந்த 300 மி.மீ. லென்ஸால் எடுத்த படத்தை, பி900 தரும் நெருக்கத்துக்கு வெட்டினால் எஞ்சுவது ஏறத்தாழ 1.2 மெகாபிக்சல். பகல் வெளிச்சத்தில், அசையாமல் அமர்ந்த பறவைக்கு, சூப்பர்ஜூம் தோற்க வேண்டிய காரணம் எதுவும் இல்லை.

பறவை பறக்கத் தொடங்கினால் கண்ணாடி மீண்டும் வெல்கிறது. மினோல்டா 7000 வழியாக 1985இல் பரவத் தொடங்கிய தானியங்கிக் குவியம், லென்ஸின் இரு ஓரங்களிலிருந்து வரும் ஒளியை ஒப்பிட்டு எந்தப் பக்கம், எவ்வளவு நகர வேண்டும் என்பதை ஒரே அளவீட்டில் அறிந்துகொண்டது. கண்ணாடிக்குப் பின்னால் ஒளிந்திருந்த சிறு துணைக் கண்ணாடி அதற்கான ஒளியைத் தந்தது. பெரும்பாலான சூப்பர்ஜூம்கள், படம் தெளியும்வரை லென்ஸை முன்னும் பின்னும் நகர்த்தித் தேடும் மாறுபாட்டு முறையையே நம்பியிருந்தன. ஆனால் பறவை ஆர்வலர்களில் பலருக்கு வேண்டியிருந்தது கண்காட்சிப் படம் அன்று. இனத்தை ஐயமின்றி உறுதிசெய்யும் சான்றுப் படம். கார்னெல் பறவையியல் ஆய்வகத்தின் இ-பேர்ட் தரவுத்தளம் 2015இல் படங்களை நேரடியாகப் பதிவேற்ற வழிசெய்தபோது, கனத்த லென்ஸைச் சுமக்க இயலாதவர்களும் வாங்க இயலாதவர்களும் அறிவியல் பதிவுக்குப் பங்களிக்க இந்தச் சிறு உணரிக் கேமராக்கள் கைகொடுத்தன. புகைப்பட வரலாறுகள் இதை அடிக்குறிப்பாகக்கூடச் சொல்வதில்லை என்பது குறையே.

இரு மரபுகளையும் ஒருசேரத் தாக்கியது திறன்பேசி. ஜப்பானியக் கேமரா உற்பத்தியாளர் சங்கமான சிபாவின் கணக்கில், 2010இல் 12 கோடியைத் தாண்டிய, சந்தைக்கு அனுப்பப்பட்ட டிஜிட்டல் கேமராக்களின் எண்ணிக்கை 2020இல் 90 லட்சத்துக்கும் கீழே விழுந்தது. சட்டைப்பைக் கேமராக்கள் முதலில் மறைந்தன. மெல்லிய பேசியின் உடலுக்குள் நெடிய லென்ஸ் அடங்காது என்பதால் சூப்பர்ஜூம்கள் சிறிது தாக்குப்பிடித்தன. டிஎஸ்எல்ஆரின் முடிவு உள்ளிருந்தே வந்தது. 2008இல் பானசோனிக் ஜி1, வீடியோ மரபின் மின்னணுத் திரையைப் பெரிய உணரியோடும் கழற்றி மாற்றும் லென்ஸோடும் சேர்த்தபோது கண்ணாடிக்கு வேலை இல்லாமல் போயிற்று. 2013இல் சோனி ஏ7 முழு ஃபிலிம் அளவிலேயே அதைச் செய்துகாட்டியது. உணரியே குவியத்தையும் அளக்கக் கற்றதால் கண்ணாடியின் கடைசிச் சிறப்பும் கைமாறியது. 2020இல் வந்த நிக்கான் டி6, கேனான் 1டிஎக்ஸ் மார்க் 3 ஆகியவற்றுக்குப் பின் அவ்விரு நிறுவனங்களின் உச்ச வரிசை கண்ணாடியில்லாக் கேமராக்களுக்கே போயிற்று. அந்த மாற்றத்தில் கைவிடப்பட்ட டிஎஸ்எல்ஆர் உடல்களும் லென்ஸ்களும் பழைய பொருள் சந்தையில் வந்து குவிந்தன.

ஆகவே இந்தத் தேர்வு இன்னும் முடிந்துவிடவில்லை. நிக்கான் 2025இல்கூட 125 மடங்கு ஜூமுடன் பி1100ஐ வெளியிட்டது. ஒரு வேறுபாடு மட்டும் காலப்போக்கில் கூர்மையாகியிருக்கிறது. டிஎஸ்எல்ஆரில் முதலில் தேய்வது ஷட்டர். நடுத்தர உடல்களில் ஒரு லட்சம் படங்களைத் தாங்கும் என மதிப்பிடப்பட்ட அதை மாற்றிக்கொள்ளலாம், உணரியில் படிந்த தூசியைத் துடைக்கலாம், உடல் போனாலும் லென்ஸை இன்னொரு உடலில் பூட்டலாம். சூப்பர்ஜூமில் லென்ஸும் உணரியும் ஒரே தொகுதி. பலகட்டமாக நீளும் குழல்களின் இடைவெளி வழியே உள்ளே புகுந்த தூசியை எடுக்க அத்தொகுதியையே பிரிக்க வேண்டும், ஜூம் இயக்கம் சிக்கிக்கொண்டால் தொகுதியையே மாற்ற வேண்டும், அதற்கான செலவோ பல வேளைகளில் கேமராவின் சந்தை விலையை எட்டிவிடும்.