மதிப்பெண்ணுக்கு எத்தனை மணி நேரம்?

1937 அக்டோபரில் ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், கொலம்பியா ஆகிய நான்கு அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் முதுநிலை முதலாண்டு மாணவர்கள் ஒரு புதிய தேர்வை எழுதினார்கள். கணிதம், இயற்பியல், வேதியியல், உயிரியல், இலக்கியம், நுண்கலை என்று எல்லாத் துறையிலிருந்தும் அதில் கேள்விகள் இருந்தன. இன்று ஜிஆர்இ என்று உலகம் முழுக்க அறியப்படும் தேர்வின் முதல் வடிவம் அதுதான். கல்வி மேம்பாட்டுக்கான கார்னகி அறக்கட்டளை அதை நடத்தியது. திட்டத்தின் மூளையாக இருந்தவர் வில்லியம் லெர்னட்.

எத்தனை மணி நேரம் வகுப்பில் உட்கார்ந்தார் என்று கணக்குப் பார்த்து ஒருவருக்குப் பட்டம் கொடுப்பது லெர்னடுக்குப் பிடிக்கவில்லை. நான்கு வருடப் படிப்புக்குப் பிறகு தலையில் தங்கியிருப்பது என்ன என்பதே அவருடைய கேள்வி. அப்படிப்பட்ட தேர்வுக்குத் தனியாகத் தயாராக வேண்டிய அவசியமே இல்லை என்பது அதன் அடிப்படை எண்ணம். நாலு வருடம் படித்தது இருந்தால் இருக்கும், இல்லாவிட்டால் இல்லை.

அந்த எண்ணம் ரொம்ப நாள் நிலைக்கவில்லை. 1948-ல் தேர்வு, புதிதாகத் தொடங்கப்பட்ட ஈடிஎஸ் நிறுவனத்தின் கைக்கு வந்தது. அடுத்த ஆண்டே மொழித்திறன், கணக்குத்திறன் இரண்டையும் அளக்கும் திறனறி பகுதி சேர்ந்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்து வந்த வீரர்களுக்கு அரசே படிப்புச் செலவை ஏற்க, கல்லூரிகளில் கூட்டம் பெருகியது. விண்ணப்பங்களைச் சலித்தெடுக்க ஒரு சல்லடை தேவைப்பட்டது. சட்டப் படிப்புக்கு எல்சாட் 1948-ல் வந்தது. பின்னாளில் ஜிமேட் என்று பெயர் மாறிய மேலாண்மைத் தேர்வு 1954-ல் வந்தது. இவை பிறவியிலும் நெடுங்காலப் படிப்பிலும் வளர்ந்த திறனை அளப்பவை, சில வாரப் பயிற்சியால் மதிப்பெண் பெரிதாக ஏறாது என்று தேர்வு நடத்தியவர்கள் பல ஆண்டுகள் சொல்லிவந்தார்கள்.

அதை நம்பாத ஒருவர் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் இருந்தார். ஸ்டான்லி கப்லான், குழாய் வேலை பார்த்தவரின் மகன். மருத்துவக் கல்லூரிகளுக்கு விண்ணப்பித்து இடம் கிடைக்காமல் போனவர். 1938-ல் பெற்றோர் வீட்டின் அடித்தளத்தில் டியூஷன் தொடங்கினார். 1946-ல் ஒரு பள்ளி மாணவி கல்லூரி நுழைவுத் தேர்வான எஸ்ஏடி பற்றிய கையேட்டைக் கொண்டுவந்து காட்டினாள். இதற்கும் சொல்லித்தர முடியுமே என்று அவருக்குத் தோன்றியது. பிறகு ஜிஆர்இ, எல்சாட், மருத்துவ நுழைவுத் தேர்வு என்று தொழில் விரிந்தது.

கப்லானிடம் மந்திரம் எதுவும் இல்லை. பயிற்சிக்கு நேரம் ஒதுக்கினார், அவ்வளவுதான். மாதிரிக் கேள்விகளை அவரே எழுதி, வாரா வாரம் பிள்ளைகளை உட்காரவைத்துப் போடச் சொன்னார். தேர்வு முடிந்ததும் வீட்டில் விருந்து வைப்பார். சாப்பிட்டுக்கொண்டே, நினைவில் நின்ற கேள்விகளை ஆளுக்கொன்றாகச் சொல்ல வேண்டும். அடுத்த வருட மாணவர்களின் பயிற்சித்தாள் அங்கிருந்து தயாரானது. வெளியில் இருந்து அவரை ஏமாற்றுக்காரர் என்றவர்கள் உண்டு. ஆனால் வந்த மாணவர்களுக்கு மதிப்பெண் ஏறியது.

எவ்வளவு ஏறியது என்ற கேள்விக்கு அரசே இறங்கிப் பதில் தேடியது. அமெரிக்க நடுவண் வணிக ஆணையம் பயிற்சி நிலையங்களின் விளம்பரம் உண்மையா என்று விசாரிக்கப் புகுந்து, 1979-ல் அறிக்கை வெளியிட்டது. ஆய்வுக்கு எடுத்த நிலையங்களில் ஒன்றின் மாணவர்கள் எஸ்ஏடியின் மொழிப் பகுதியிலும் கணக்குப் பகுதியிலும் சராசரியாக 25 புள்ளிகள் கூடுதலாக எடுத்திருந்தார்கள். 200 முதல் 800 வரை போகும் அளவுகோலில் 25 புள்ளி மலையல்ல. ஆனால் ‘ஏறவே ஏறாது’ என்ற பேச்சு அத்தோடு ஆட்டம் கண்டது. அதே ஆண்டு நியூயார்க் மாநிலம், தேர்வு முடிந்தபின் கேள்வித்தாளையும் விடைகளையும் மாணவருக்குத் தர வேண்டும் என்று சட்டம் போட்டது. அதுவரை கப்லானின் விருந்து மேசையில் மட்டும் கிடைத்த சரக்கு பொதுச்சொத்தானது.

இந்த வரலாற்றில் நின்று படிக்க வேண்டிய இடம் 1981. ஈடிஎஸ் நிறுவனத்தின் ஆய்வாளர்களான சாமுவேல் மெசிக், ஆன் யங்பிளட் இருவரும் அதுவரை வந்த பயிற்சி ஆய்வுகளை எல்லாம் ஒன்றுசேர்த்தார்கள். ‘பயிற்சி பலன் தருமா’ என்ற கேள்வியை ஓரமாக வைத்துவிட்டு, ‘எத்தனை மணி நேரத்துக்கு எத்தனை புள்ளி’ என்று கேட்டார்கள். எஸ்ஏடி தேர்வுக்கு அவர்கள் போட்ட கணக்கு சுமாராக இப்படி வந்தது: கணக்குப் பகுதியில் 10 புள்ளி ஏற 8 மணி நேரம், 20 புள்ளிக்கு 19, 30 புள்ளிக்கு 45. மொழிப் பகுதியில் அதே 10 புள்ளிக்கு 12 மணி நேரம், 20-க்கு 57, 30 புள்ளி வேண்டும் என்றால் 260 மணி நேரம்.

இந்த எண்களைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். முதல் பத்து புள்ளி சீக்கிரம் வந்துவிடுகிறது. கேள்வியின் அமைப்பு பழகுவது, நேரத்தைப் பங்கிடுவது, மறந்துபோன பள்ளிக் கணக்கைத் தூசு தட்டுவது எல்லாம் அதில் அடங்கும். அதன்பின் ஒவ்வொரு பத்துக்கும் நேரம் மடங்கு மடங்காகப் பெருகுகிறது. அதற்கு மேல் வேண்டும் என்றால் முழுநேரப் பள்ளிக்கூடம் போவதற்குச் சமம் என்றே அவர்கள் எழுதினார்கள். கணக்கு ஒரு மாதத்தில் தேறிவிட்டது, வெர்பல்தான் நகரவே மாட்டேன் என்கிறது என்று ஒரு மாணவர் இன்று புலம்பினால், அவர் மேல் குற்றம் இல்லை. மொழியறிவு பல ஆண்டு வாசிப்பில் சேர்வது. திட்டம் போடும்போது இரண்டுக்கும் சரிபாதி நேரம் ஒதுக்குவது இந்தக் கணக்கைப் பார்க்காதவர் செய்யும் வேலை.

அதே ஆண்டு ஜிஆர்இ-யிலும் ஒரு மாற்றம் வந்தது. 1977-ல் சேர்த்த பகுப்பாய்வுப் பகுதியில் இரண்டு வகைக் கேள்விகள் சில மணி நேரப் பயிற்சிக்கே வசப்படுவது தெரியவந்தது. ஈடிஎஸ் அவற்றை எடுத்துவிட்டது. ‘பயிற்சியால் ஏறாது’ என்று சொன்ன வீட்டிலிருந்தே வந்த ஒப்புதல் அது என்று எடுத்துக்கொள்ளலாம்.

எத்தனை மணி நேரம் என்பது ஒரு கேள்வி என்றால், அந்த நேரத்தை எப்படிப் பரப்புவது என்பது இன்னொன்று. அதற்கான விடை இந்தத் தேர்வுகளுக்கெல்லாம் மூத்தது. ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் பொருளற்ற அசைகளை எழுதி, கடிகாரத்தின் டிக்டிக் ஓசைக்கு ஏற்ப ஒரே வேகத்தில் வாசித்து, தன்னைத்தானே சோதித்துப் பார்த்தார். சோதனை நடத்தியவரும் அவரே, சோதனைக்கு ஆளானவரும் அவரே. 1885-ல் வெளியான அவருடைய நூலில் ஒரு முடிவு இருக்கிறது. பன்னிரண்டு அசை கொண்ட ஒரு வரிசையை முந்தின நாள் ஒரே மூச்சில் 68 முறை படித்த பலன், மூன்று நாளாகப் பிரித்து 38 முறை படித்ததிலேயே கிடைத்தது. கிட்டத்தட்ட பாதி உழைப்பு மிச்சம்.

1972-ல் செபாஸ்டியன் லைட்னர் என்பவர் இதை ஓர் அட்டைப்பெட்டிக்குள் கொண்டுவந்தார். தெரிந்த சொல்லின் அட்டை அடுத்த அறைக்குப் போகும், அங்கே அதை எடுத்துப் பார்க்கும் இடைவெளி அதிகம். தெரியாதது முதல் அறைக்கே திரும்பிவரும். இன்று பலர் கைப்பேசியில் வைத்திருக்கும் ஆங்கி செயலியும் இதே வழியில் வந்ததுதான்.

இந்த முறையை ஜிஆர்இ சொற்பட்டியலோடு மூர்க்கமாக இணைத்தது சீனா. பெய்ஜிங்கில் யூ மின்ஹோங் 1993-ல் தொடங்கிய நியூ ஓரியன்டல் பயிற்சி நிலையம் ஆயிரக்கணக்கான மாணவர்களை ஒரே கூரையின் கீழ் திரட்டியது. அவர் தொகுத்த சொற்களஞ்சியத்துக்குச் சிவப்பு அட்டையால் ‘செம்மணி நூல்’ என்ற செல்லப்பெயர் வந்தது. அங்கே பாடம் நடத்திய யாங் பெங் ஒருபடி மேலே போய், எபிங்ஹாஸின் மறதிக் கோட்டை அடிப்படையாக வைத்து, பதினேழே நாளில் ஜிஆர்இ சொற்களை முடிக்கும் அட்டவணையை ஒரு புத்தகமாகவே எழுதினார். அந்த உழைப்பு உண்மையானது. ஆனால் பழைய கேள்விகளை அனுமதியின்றி அச்சிட்டதற்காக ஈடிஎஸ் அந்த நிலையத்தின் மேல் வழக்குப் போட்டு வென்றது. 2002-ல் தேர்வுக் கேள்விகள் இணையத்தில் உலவியதால், சீனா, தைவான், தென்கொரியா ஆகிய இடங்களில் கணினித் தேர்வை நிறுத்திவிட்டுக் காகிதத் தேர்வுக்கே திரும்ப வேண்டியதாயிற்று.

சென்னையில் இதன் முகம் வேறு. கிண்டி பொறியியல் கல்லூரி விடுதியிலும் திருச்சி ஆர்இசி விடுதியிலும் 90-களில் ஜிஆர்இ என்றால் பாரன்ஸ் புத்தகம். அதன் பின்பகுதியில் 3,500 சொற்கள் கொண்ட பட்டியல் இருக்கும். சீனியர் கையிலிருந்து ஜூனியர் கைக்கு வரும்போது ஓரங்களில் பென்சிலில் தமிழ் அர்த்தங்கள் சேர்ந்திருக்கும். விசிட்டிங் கார்டு அளவுக்கு அட்டையை வெட்டி, ஒரு பக்கம் சொல், மறுபக்கம் அர்த்தம், சுற்றிலும் ரப்பர் பேண்டு. பஸ்ஸில் நின்றுகொண்டே புரட்டலாம். ‘ஒரு நாளைக்கு ஐம்பது வார்த்தை’ என்பதுதான் எல்லோரும் போடும் முதல் திட்டம். பத்தாம் நாள் திரும்பிப் பார்க்கும்போது முதல் நாள் ஐம்பதில் பாதி காணாமல் போயிருக்கும். பழையதைத் திருப்பிப் பார்க்கத் திட்டத்தில் இடம் இல்லாததுதான் காரணம்.

காகிதத் தேர்வுக் காலத்தில் தேதியை ஈடிஎஸ் முடிவு செய்தது. வருடத்தில் சில நாட்கள்தான். அந்தத் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணி மாணவர் தன் வாரங்களைப் பிரித்துக்கொள்வார். 1990-களில் கணினித் தேர்வு பரவியபின் தேதியை மாணவரே தேர்ந்தெடுக்கலாம் என்றானது. சுதந்திரம்தான், ஆனால் தள்ளிப்போடவும் அது வழிவிட்டது. அனுபவமுள்ள பயிற்சியாளர்கள் ‘முதல்ல டேட் புக் பண்ணு, அப்புறம் படிக்க ஆரம்பி’ என்று சொல்வது இதனால்தான்.

2011-ல் எதிர்ச்சொல், ஒப்புமைக் கேள்விகள் எடுக்கப்பட்டு, மதிப்பெண் அளவு 130 முதல் 170 என்று மாறியது. வெறும் சொற்பட்டியலின் பிடி தளர்ந்து, வாக்கியத்தின் பொருளறிவது முன்னுக்கு வந்தது. 2023 செப்டம்பரில் தேர்வு 1 மணி 58 நிமிடமாகச் சுருங்கியது. ஆகவே இரண்டு மணி நேரம் ஒரே இடத்தில் உட்கார்ந்து முழு மாக் டெஸ்ட் எழுதுவது வேலைக்குப் போகிறவருக்கும் வார நாளில் சாத்தியம். 21 நாள் இடைவெளி விட்டு மறுபடி எழுதலாம், பன்னிரண்டு மாதத்தில் ஐந்து முறை வரை. எந்த மதிப்பெண்ணைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்புவது என்பதும் மாணவர் கையில்.

புத்தகம் இரவல் கிடைக்கும், மாதிரித் தேர்வு இரண்டை ஈடிஎஸ் தளமே இலவசமாகத் தருகிறது. கிடைக்காதது நேரம். மெசிக் 1981 ஆய்வுக்கு அடுத்த ஆண்டு எழுதிய கட்டுரையிலும் பயிற்சியின் பலனோடு சேர்த்து அதன் சமவாய்ப்பை விவாதித்தார். சோழிங்கநல்லூரில் ஷிப்ட் வேலை முடிந்து நள்ளிரவில் வீடு திரும்பும் ஒருவருக்கும், விடுமுறையில் முழு நாளும் படிக்கக்கூடிய ஒருவருக்கும் மொழிப் பகுதியின் 260 மணி நேரம் ஒன்றல்ல. தினம் ஒன்றரை மணி நேரம் மட்டும் கிடைப்பவருக்கு அதைச் சேர்க்க ஏறக்குறைய ஆறு மாதம் ஆகும். அந்த ஆறு மாதத்தையும் விண்ணப்பத்தின் கடைசித் தேதியிலிருந்து கழித்துத்தான் அவர் தொடங்கும் நாளைக் குறிக்க வேண்டும்.