1968: இரண்டு கோயில் வாசல்கள்

திருகோணமலையில் பிரெட்ரிக் கோட்டைக்குள்ளதான் எங்கட கோணேசர் கோயில் இருக்கு. 1968இல் அந்தச் சுற்றாடலைப் புனித பூமியாக்குவதுபற்றி ஆராய அமைச்சர் மு. திருச்செல்வம் குழு அமைத்தார். பிரதமர் டட்லி அதைக் கலைத்தார். அமைச்சர் பதவி விலகினார். இந்த அநீதியை இன்றைக்கும் பேசுறம்.

அதே ஆண்டு, மாவிட்டபுரம் கந்தசாமி கோயில் வாசலில் ஒடுக்கப்பட்ட சாதித் தமிழர் உள்ளே போகக் கேட்டுச் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். மறித்து நின்றதும் தமிழர்தான். அதில் முன்னுக்கு நின்றவர் முன்னாள் அமைச்சர் சி. சுந்தரலிங்கம். இத்தனைக்கும் இப்படி மறிப்பதைக் குற்றமாக்கிய சட்டம் 1957இலேயே வந்திட்டுது. அமெரிக்காவில் உணவுக்கடைகளில் கறுப்பின மக்களை ஒதுக்குவதைத் தடைசெய்த சட்டம் 1964இல்தான் வந்தது. அங்கேயும் இங்கேயும் வாசலில் போய் நின்ற சனத்தாலதான் கதவு திறந்தது.

அரசிட்ட உரிமை கேட்கிற நாங்கள், எங்கட கதவை யாருக்குப் பூட்டி வைத்திருந்தம் என்பதையும் சேர்த்துத்தான் 1968ஐப் படிக்கவேணும்.